பெடல் பிளக்-இன்கள்: கிதார் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழித்துறையில் ஒரு சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். நவம்பர் பிறந்தால் கிறிஸ்மஸ் பாட்டு, தவக்காலத்தில் சிலுவைப் பாதை, நடுவில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பையன்களின் பேண்ட் டெமோ. பாதிப் பேர் தமிழில் கேட்பார்கள், பாதிப் பேர் மலையாளத்தில். கேள்விகள் மட்டும் ஒன்றேதான். கிதாரைக் கம்ப்யூட்டரில் சொருகி, பழைய அனலாக் பெடல்களின் சாஃப்ட்வேர் வடிவத்தில் வாசிப்பது பற்றி இதுவரை வாயால் சொல்லி வந்ததை எழுதி வைக்கிறேன்.

பெடல் பிளக்-இன் என்றால் என்ன?

பெடல் என்பது காலால் மிதித்து ஆன் செய்யும் சின்ன உலோகப் பெட்டி. உள்ளே சில டிரான்சிஸ்டர், டயோடு, கெப்பாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. அந்தப் பெட்டி கரண்டை வைத்துச் செய்கிற வேலையைக் கணக்குப் போட்டுச் செய்யும் சாஃப்ட்வேர்தான் பிளக்-இன். ரீப்பர், கியூபேஸ், லாஜிக் போன்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள் அது திறக்கும். உங்கள் சாஃப்ட்வேர் எந்த வடிவத்தை ஏற்கும் என்று முதலில் பாருங்கள். விண்டோஸில் பெரும்பாலும் வி.எஸ்.டி. 3, லாஜிக்கில் ஏ.யு., புரோ டூல்ஸில் ஏ.ஏ.எக்ஸ்.

எந்தப் பெடல்களை இப்படிக் காப்பி அடித்திருக்கிறார்கள்?

பேர் பெற்ற எல்லாவற்றையும். 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ், 1969-ன் பிக் மஃப், 1974-ன் எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90, 1978-ல் வந்த ரேட், அதே வருடத்து பாஸ் டி.எஸ். 1, அடுத்த வருடத்து பாஸ் சி.இ. 2 கோரஸ், எழுபதுகளின் கடைசியில் வந்த ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் 808. பெயருக்கு வணிக உரிமை இருப்பதால் பல பிளக்-இன்கள் அசல் பெயரைப் போடாது. பச்சைப் பெட்டியில் மூன்று குமிழ் தெரிந்தால் அது டியூப் ஸ்க்ரீமர் வகை, ஆரஞ்சுப் பெட்டியில் ஒரே ஒரு குமிழ் என்றால் ஃபேஸ் 90 என்று நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அசல் பெடல் மாதிரியே கேட்குமா?

ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு வகைகளில் நல்ல பிளக்-இன் என்றால் கேட்கும். எப்படி என்று தெரிந்தால் நம்பிக்கை வரும்.

டியூப் ஸ்க்ரீமரையே எடுத்துக்கொள்வோம். நடுவில் 4558 என்ற ஆப்-ஆம்ப், சிக்னலைப் பெருக்கும் சிப். அதன் வெளிவாசலிலிருந்து உள்வாசலுக்குத் திரும்பும் வழியில் இரண்டு டயோடுகள் எதிரெதிராக நிற்கின்றன. சிக்னல் ஏறத்தாழ அரை வோல்ட்டைத் தாண்டும்போது டயோடு மெதுவாகத் திறந்து, அதற்கு மேல் வளரவிடாமல் அலையின் தலையை மழுக்கும். அந்த மழுக்கல்தான் நாம் கேட்கும் கரகரப்பு. கூடவே, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸை இந்தச் சர்க்யூட் குறைவாகவே பெருக்கும். அதனால்தான் இந்தப் பெடலில் நடு ஒலி முன்னே வந்து நிற்கிறது, பேஸ் கிதாரோடு அடிதடி இல்லாமல் இடம் கிடைக்கிறது.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் மதிப்பும் தெரியும். டயோடு எப்படித் திறக்கும் என்பதற்குச் சமன்பாடு இருக்கிறது. சாஃப்ட்வேர் அந்தச் சமன்பாடுகளை விநாடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை, பல பிளக்-இன்களில் அதைப்போல் 4 மடங்கும் 8 மடங்கும், தீர்த்துக்கொண்டே இருக்கும். மிக்ஸில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டால் எது பெட்டி, எது பிளக்-இன் என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. அசல் என்று ஒன்று மட்டும் இல்லை. ஒரே வருடத்தில் செய்த இரண்டு பெடல்களே ஒன்றுபோல் ஒலிக்காது, உள்ளே இருக்கும் பாகங்கள் அச்சடித்த மதிப்பிலிருந்து கொஞ்சம் கூடும், குறையும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய ஃபஸ் (முரட்டுக் கரகரப்பு) பெடலுக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினால் அந்த டிரான்சிஸ்டரில் கசியும் கரண்ட் கூடிவிடும். ஏப்ரல் மாதம் மத்தியானம், தகரக் கூரைக்கு அடியில் வாசித்தால் ஒரு சத்தம், இரவு மழை பெய்து குளிர்ந்த பிறகு வேறு சத்தம். பிளக்-இன் செய்தவர் அவர் மேசையில் இருந்த ஒரு பெட்டியை, அன்றைய சூட்டில் அளந்து எழுதியிருப்பார். உங்கள் நண்பரின் பெட்டி அதிலிருந்து மாறுபட்டால் அது குறையாகாது.

டிஸ்டார்ஷன் பிளக்-இன் போட்டால் ஈக்கூட்டம் பறக்கிற மாதிரி இரைகிறதே?

பின்னால் ஆம்பும் ஸ்பீக்கரும் இல்லை, அவ்வளவுதான். பெடல் எப்போதும் ஆம்புக்குள் போகும், ஆம்ப் 12 அங்குல ஸ்பீக்கரில் பேசும். கிதார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக விழுந்துவிடும், அந்தக் கீச்சை எல்லாம் அதுவே விழுங்கிக்கொள்ளும். பெடல் பிளக்-இன்னை மட்டும் போட்டு நேராக ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தக் கீச்சு முழுவதும் காதுக்குள் வருகிறது. வரிசையில் பெடல், அப்புறம் ஆம்ப் பிளக்-இன், அப்புறம் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) என்று வையுங்கள். கேபினெட்டுக்கு, ஸ்பீக்கரின் குணத்தைப் பதிந்து வைத்த ஐ.ஆர். என்ற சின்ன ஒலிக் கோப்பு போதும். இக்னைட் ஆம்ப்ஸின் நாடிர் என்ற இலவச பிளக்-இன் அதைத் திறக்கும்.

மூன்று பிளக்-இன் வாங்கிவிட்டேன், எதிலும் டோன் சரியாக வரவில்லை. எந்த பிளக்-இன் நல்லது?

என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவற்றின் உண்மையான விடை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. பிளக்-இன்னை மாற்றாதீர்கள். உள்ளே போகும் சிக்னலைப் பாருங்கள்.

டயோடுக்கு வோல்ட் மட்டும்தான் தெரியும். கிதாரிலிருந்து வரும் சிக்னல் எத்தனை வோல்ட் என்பதைப் பொறுத்துத்தான் அது திறக்கும், மூடும். கம்ப்யூட்டருக்குள் வோல்ட் கிடையாது, எண்கள்தான். ‘எண் உச்சத்தில் இருந்தால் இத்தனை வோல்ட்’ என்று ஒரு கணக்கை பிளக்-இன் செய்தவர் மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். கிதாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில், சிக்னலை ஏற்றும் கெயின் குமிழை நீங்கள் திருப்பினால் அந்தக் கணக்கு குழம்பிவிடும். பெடலுக்கு முன்னால் யாரோ ஒரு பூஸ்டரை ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

போன கிறிஸ்மஸுக்கு முன்னால் பாறசாலையிலிருந்து ஒரு தம்பி வந்தார். வீட்டிலேயே கிதார் ரெக்கார்ட் செய்துகொண்டு வந்திருந்தார், மிக்ஸ் மட்டும் என்னிடம். ‘சிவப்பு விளக்கு எரியப் போகிற வரைக்கும் கெயினை ஏற்று’ என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாடகர் குரலுக்கு அது ஓரளவு பொருந்தும். கிதார் டிராக்கின் அலைகள் திரையில் மேலிருந்து கீழ்வரை செங்கல் சுவர் மாதிரி நின்றன. ஓவர்டிரைவ் பிளக்-இன்னில் டிரைவ் குமிழ் பூஜ்யத்தில் இருந்தும் கரகரப்பு குறையவில்லை, மெதுவாகத் தொட்டாலும் ஒன்றுதான், அறைந்தாலும் ஒன்றுதான். பிளக்-இன்னுக்கு முன்னால் 10 டெசிபெல் குறைத்துவிட்டு, அதே டிராக்கை மறுபடி ஓட்டினேன். முதல் கார்டு முடிவதற்குள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். “சேட்டா, இது தன்னே” (அண்ணா, இதேதான்) என்றார். அவர் விரல் மெதுவாகத் தொட்ட இடத்தில் ஒலி தெளிந்தது, அழுத்திய இடத்தில் உடைந்தது. அவர் அப்படித்தான் வாசித்திருந்தார். இத்தனை நாள் அவருக்கே அது கேட்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். இன்டர்ஃபேஸில் கிதார் படமோ ‘இன்ஸ்ட்’ என்ற எழுத்தோ போட்ட உள்வாசலில் சொருகுங்கள், லைன் வேண்டாம். கெயினை முழுக்கக் குறைத்து அங்கேயே விடுங்கள். இன்டர்ஃபேஸின் கையேட்டில், குறைந்த கெயினில் உள்வாசல் தாங்கும் உச்சம் இத்தனை டி.பி.யு. (சிக்னல் அளவின் அலகு) என்று இருக்கும். பிளக்-இன் கையேட்டில் அது எந்த அளவை எதிர்பார்க்கிறது என்று இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். பிளக்-இன் 12 எதிர்பார்க்கிறது, உங்கள் இன்டர்ஃபேஸ் 18 தாங்கும் என்றால், உங்கள் சிக்னல் 6 டெசிபெல் குறைவாக உள்ளே போகிறது. பிளக்-இன்னின் இன்புட் குமிழில் 6 கூட்டுங்கள். கையேட்டில் எதுவும் இல்லையென்றால், டிரைவைப் பாதியில் வைத்து மெதுவாக வாசித்தால் தெளிவாகவும் அழுத்தி வாசித்தால் கரகரப்பாகவும் வரும் வரை இன்புட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். காது சொல்லிவிடும்.

ஃபஸ் பிளக்-இன்னில் கிதார் வால்யூமைக் குறைத்தால் சத்தம் தெளிவாகவில்லையே. பெரிய கிதாரிஸ்டுகள் எல்லாம் அப்படிச் செய்கிறார்களே?

நீங்கள் கவனித்தது சரி. சாஃப்ட்வேருக்கு உண்மையிலேயே கடினமான இடம் இது.

ஃபஸ் ஃபேஸில் உள்ளே இரண்டே டிரான்சிஸ்டர்தான். அதன் உள்வாசலின் தடை மிகவும் குறைவு, சில ஆயிரம் ஓம் அளவுதான். கிதார் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அதை இவ்வளவு குறைந்த தடையோடு இணைத்தால் பிக்கப்பின் குணமே மாறிவிடும், கீச்சுப் போய் ஒலி தடித்துவிடும். வால்யூமை 7-க்குக் குறைத்தால் நடுவில் ஒரு தடை புகுந்து இரண்டுக்கும் உள்ள பிடி தளர்கிறது. அப்போதுதான் அந்தக் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஒலி வரும். கிதாரும் பெடலும் சேர்ந்து ஒரே சர்க்யூட்டாக இருப்பதால் நடக்கிற காரியம் அது.

இன்டர்ஃபேஸின் கிதார் உள்வாசல் பெரும்பாலும் 10 லட்சம் ஓம். பிக்கப்பை அது தொடுவதே இல்லை. ஆகவே பிளக்-இன்னுக்கு வந்து சேர்வது கூடிக் குறையும் சத்தம் மட்டும்தான். யூனிவர்சல் ஆடியோவின் யூனிசன் வசதி உள்ள இன்டர்ஃபேஸ்கள் இதற்காகவே உள்வாசலின் தடையை மாற்றிக்கொள்ளும், ஆனால் விலை கூடுதல். நான் சொல்வது வேறு வழி. ஃபஸ் மட்டும் நிஜப் பெட்டியாக ஒன்று வாங்கி இன்டர்ஃபேஸுக்கு முன்னால் போடுங்கள். உள்ளூரில் சாலிடரிங் தெரிந்த பையன் யாராவது இருந்தால் இரண்டு டிரான்சிஸ்டர் வைத்து அவரே செய்து தந்துவிடுவார், அவ்வளவு எளிய சர்க்யூட். மீதி எல்லாம் சாஃப்ட்வேரில் இருக்கட்டும்.

டிலே, கோரஸ் பிளக்-இன்கள் எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மாடிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். எதிரொலி தரும் பழைய அனலாக் டிலே செய்வதும் அதே வேலைதான். 1969-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவான பக்கெட் பிரிகேட் சிப், ஒலியைத் துளித்துளி மின்னூட்டமாக ஒரு கெப்பாசிட்டரிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றிக்கொண்டே போகும். எம்.என். 3005 என்ற சிப்பில் 4,096 படிகள். கைமாற்றும் கடிகாரம் விநாடிக்கு 10,000 தடவை துடித்தால், உள்ளே போன ஒலி வெளியே வர சுமார் 205 மில்லி செகண்ட். தாமதம் கூட வேண்டுமானால் கடிகாரத்தை மெதுவாக்க வேண்டும், மெதுவாக்கினால் மேல் ஒலிகள் போய்விடும். சட்டியில் சிந்துகிற மாதிரி ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பு, கொஞ்சம் இரைச்சல். அந்தச் சிந்தலால்தான் ஒவ்வொரு எதிரொலியும் முந்தியதைவிட மங்கி, பாடகரின் குரலுக்குப் பின்னால் போய் ஒதுங்கி நிற்கிறது. நல்ல பிளக்-இன் இந்தச் சிந்தலையும் கணக்கில் எடுக்கும்.

ஆராதனைப் பாடல் வாசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீங்கள் எல்லாரும் கேட்கும் அந்தப் புள்ளி வைத்த எட்டாம் பங்கு டிலே (ஒரு தட்டில் முக்கால் பங்கு), நிமிடத்துக்கு 72 தட்டு உள்ள பாட்டில் 625 மில்லி செகண்ட் வரும். பாஸ் டி.எம். 2 மாதிரிப் பெடல்கள் 300-ஐத்தான் எட்டும். அதை அப்படியே காப்பி அடித்த பிளக்-இன்னும் அங்கேயே நின்றுவிடலாம். பிளக்-இன் பழுதில்லை, அசல் அப்படி. உங்களுக்கு வேண்டியது நீண்ட டிலே, பாட்டின் வேகத்தோடு தானாகச் சேர்ந்துகொள்ளும் வகை.

யூனி-வைப் வகை பிளக்-இன்களையும் ஒருமுறை திறந்து கேளுங்கள். அசல் பெட்டியின் நடுவில் ஒரு சின்ன பல்பு மின்னும், சுற்றிலும் ஒளியை உணரும் நான்கு செல்கள். பல்பு சூடாகவும் ஆறவும் நேரம் எடுக்கும். அந்தத் தயக்கம்தான் அதன் நடை, ஒலி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிற மாதிரி இருக்கும். பல்பின் தயக்கத்தை எழுதாத பிளக்-இன்னில் அது சாதாரண ஃபேஸராகிவிடும்.

வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் தெரிகிறதே?

பஃபர் அளவைக் குறையுங்கள், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கையை. விநாடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும்போது பஃபர் 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்ட். போய் வந்து, மற்ற சில்லறைத் தாமதங்களும் சேர்ந்து பெரும்பாலும் 10-க்குள் இருக்கும். ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி வந்து சேர 9 மில்லி செகண்ட் ஆகும், அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்தவர் தரும் ஏசியோ டிரைவரைப் போடுங்கள். மிக்ஸ் செய்யும்போது பஃபரை 512, 1,024 என்று ஏற்றிக்கொள்ளலாம்.

ஓவர்சாம்பிளிங் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது எதற்கு?

கரகரப்பு என்றாலே புதிய மேல் ஒலிகள் பிறப்பது. 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஏழாவது மடங்கு 35,000. விநாடிக்கு 44,100 சாம்பிள் எடுக்கும்போது அது உள்ளே அடங்காது. மடிந்து 9,100 ஹெர்ட்ஸில் வந்து விழும், சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிற மாதிரி. பாட்டின் சுரத்தோடு சேராத சத்தம் அது. மேல் ஃபிரெட்டுகளில் லீட் வாசிக்கும்போது நன்றாகத் தெரியும். உள்ளுக்குள் சாம்பிளைப் பல மடங்காக எடுத்து இந்த மடிப்பைக் குறைப்பதுதான் ஓவர்சாம்பிளிங். ரெக்கார்ட் செய்யும்போது 2 மடங்கு, கடைசி மிக்ஸ் எடுக்கும்போது 8 மடங்கு வையுங்கள்.

நியூரல், கேப்சர் என்கிறார்களே, அது வேறா?

வேறு. சர்க்யூட்டைப் பார்க்காமல், பெட்டிக்குள் ஒரு ஒலியை அனுப்பி, வெளியே வந்ததைக் கேட்டு, கம்ப்யூட்டரே அந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச சாஃப்ட்வேர் இதில் பிரபலம். பெரும்பாலான கேப்சர்கள் குமிழ்கள் ஒரு நிலையில் இருந்தபோது எடுத்த போட்டோ மாதிரி. டிரைவைத் திருப்பினால் என்ன ஆகும் என்று அந்தப் போட்டோவுக்குத் தெரியாது. ஓவர்டிரைவ், ஆம்ப் இவற்றுக்கு அருமை. கோரஸ், டிலே போன்றவற்றை இப்படி எடுக்க முயற்சிக்க வேண்டாம்.

காசு இல்லை. பென் டிரைவில் ஒருவர் கிராக் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. செய்தவரின் உழைப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பென் டிரைவில் வந்த வைரஸால் ஒரு குவயரின் மொத்த கேரல் ரெக்கார்டிங்கும் திறக்க முடியாமல் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இருபது பேர் பாடியது. திரும்பப் பாடிக் கொடுக்க டிசம்பரில் யாருக்கும் நேரமில்லை.

காசில்லாமலே நல்லது கிடைக்கிறது. டியூப் ஸ்க்ரீமர் வகைக்கு டி.எஸ்.இ. 808-ம், இக்னைட் ஆம்ப்ஸின் டி.எஸ். 999-ம். எல்லாம் சேர்ந்து வேண்டுமென்றால் கிதார் ரிக் பிளேயர், ஆம்ப்ளிடியூபின் இலவச வடிவம். இவற்றை மட்டும் வைத்து ஒரு முழு ஆல்பம் செய்யலாம். ஒன்றை எடுத்து ஒரு மாதம் அதிலேயே வாசியுங்கள், ஒவ்வொரு குமிழும் எங்கே என்ன செய்கிறது என்று கைக்குப் பழகட்டும்.

ஹம் சத்தம் தாங்க முடியவில்லை, பிளக்-இன் பழுதா?

கரண்ட் வழியாக வருவது அது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சிங்கிள் காயில் பிக்கப் அதைப் பிடித்துக்கொள்ளும், டிஸ்டார்ஷன் அதைப் பல மடங்காக்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் எர்த் சரியில்லை, பாதிச் சத்தம் அங்கேயே நின்றுவிடும். டியூப் லைட்டை அணையுங்கள். கிதாரைக் கொஞ்சம் திருப்பி உட்காருங்கள், குறையும் கோணம் ஒன்று இருக்கும்.

ஆராதனையில் லேப்டாப் வைத்து வாசிக்கலாமா?

வாசிக்கிறார்கள். நான் ஞாயிறு காலைக்கு இரண்டு நிஜப் பெடலைத்தான் பரிந்துரைப்பேன். பாட்டின் நடுவே லேப்டாப் அப்டேட் கேட்டு நின்றால் சபை முழுவதும் காத்திருக்க வேண்டும். லேப்டாப்தான் என்று முடிவு செய்தால் இன்டர்நெட்டைத் துண்டித்துவிடுங்கள், முந்தின இரவே முழு வரிசையையும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் லேப்டாப்புக்கு அனுகூலம் உண்டு. மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் அதன் பேட்டரியில் இன்டர்ஃபேஸும் ஓடும்.

அப்படியென்றால் வீட்டில் இருக்கும் பழைய பெடலை விற்றுவிடட்டுமா?

கல்ஃபிலிருந்து மாமா கொண்டுவந்தது, அப்பா வாசித்தது என்று இந்தப் பக்கம் பல வீட்டு அலமாரியில் ஒரு பெடல் தூங்குகிறது. விற்காதீர்கள். குமிழைத் திருப்பினால் கரகரவென்றால் பயப்பட வேண்டாம். கடல் காற்றும் ஈரமும் செய்கிற வேலை அது. கான்டாக்ட் கிளீனரை குமிழின் இடுக்கில் இரண்டு சொட்டு விட்டு இருபது தடவை திருப்புங்கள். அப்புறம் அதே வகை பிளக்-இன்னைத் திறந்து, இரண்டையும் ஒரே டிராக்கில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். காதைப் பழக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பெடலைத் திறந்து பழைய 9 வோல்ட் பேட்டரியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கசிந்தால் பேட்டரி கிளிப்பை முதலில் தின்னும், அப்புறம் போர்டுக்குப் போகும்.